பட்டறையும் பொதுமேசையும்: செமினி வட்டாரத்தில் தானே செய்யும் தொழில்நுட்பம்

மலேசியத் தமிழில் 'பட்டறை' என்னும் சொல் இன்று பெரும்பாலும் ஒரு நாள் நிகழ்ச்சியையே குறிக்கிறது. தேர்வு வழிகாட்டிப் பட்டறை, தன்முனைப்புப் பட்டறை, நிரலாக்கப் பட்டறை என்று அறிவிப்புகளில் அது இடம்பெறும்போது, ஒரு மண்டபமும் ஒரு பயிற்றுநரும் வரிசையாக அமர்ந்த மாணவர்களும் மாலையில் வழங்கப்படும் நற்சான்றிதழும் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பழைய வழக்கில் இச்சொல்லின் பொருள் வேறு. கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லையும், அந்த அடைகல் ஊன்றப்பட்ட உலைக்களத்தையும் அது குறித்தது. அங்கே கருவிகள் வேலை முடிந்த பின்னும் சுவரில் தொங்கின. உலை மறுநாளும் மூட்டப்பட்டது. முனை மழுங்கிய கொழுவோடு வந்த உழவரும் தொழில் பழக வந்த சிறுவனும் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். சமூகப் பட்டறைகள் என்று உலகெங்கும் அறியப்படும் புதிய இடங்களை, குறிப்பாகக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள செமினி போன்ற ஓர் ஊருக்கு அவை எவ்வாறு பயன்படக்கூடும் என்பதை, இச்சொல்லின் பழைய பொருளைக் கொண்டே அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சமூகப் பட்டறை என்பது யாது?

மின்னணுக் கருவிகள், முப்பரிமாண அச்சுப்பொறி, மர வேலைக் கருவிகள், தையல் இயந்திரம் ஆகியவற்றைத் தனி ஒருவர் வாங்கிவைப்பதற்கு மாறாக, ஒரு குழு பொதுவில் வைத்துக்கொண்டு, உறுப்பினரோ அக்கம்பக்கத்தாரோ வந்து தாங்களே எதையேனும் செய்யவும் பழுதுபார்க்கவும் கற்பிக்கவும் இடமளிப்பதே சமூகப் பட்டறை. ஆங்கில உலகில் இதற்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. ஹேக்கர்ஸ்பேஸ் என்பது கணினி ஆர்வலர்கள் தாமே வாடகை பகிர்ந்து நடத்தும் கூடம். மேக்கர்ஸ்பேஸ் என்பது எல்லா வகைச் செய்பொருளுக்கும் திறந்த பணியிடம். ஃபேப்லேப் என்பது குறிப்பிட்ட ஒரு கருவித்தொகுதியையும் பொது விதிகளையும் ஏற்றுக்கொண்ட உலகளாவிய வலையமைப்பின் உறுப்பு.

'ஹேக்' என்னும் சொல் இன்று கணினித் திருட்டோடு இணைத்துப் பேசப்பட்டாலும், அதன் தொழில்நுட்பப் பொருள் பிறந்த இடம் ஒரு பொம்மை ரயில் கூடம் என்பது கருதத்தக்கது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் தோன்றிய மாதிரி ரயில் சங்கத்து மாணவர்கள், தண்டவாளங்களின் அடியில் தொலைபேசிச் சுவிட்சுகளைக் கொண்டு தாங்களே அமைத்த மின்சுற்றுகளில் கண்ட சாமர்த்தியமான தீர்வுகளை அச்சொல்லால் குறித்தார்கள். ஐரோப்பாவில் பெர்லின் நகரத்து சி-பேஸ் 1995இலும் வியன்னாவின் மெட்டாலேப் 2006இலும் தொடங்கின. 2005இல் 'மேக்' இதழ் வெளிவந்ததும், அதே ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரில் ஆர்டுயினோ என்னும் எளிய மின்னணுப் பலகை உருவானதும் இவ்வியக்கத்தைப் பொறியியல் படிக்காதவர்களின் வீடுவரை கொண்டுசென்றன.

ஃபேப்லேப் வரலாற்றில் இந்தியச் சிற்றூர் ஒன்றுக்குத் தனியிடம் உண்டு. மாசாசூசெட்ஸ் கழகப் பேராசிரியர் நீல் கெர்ஷென்ஃபெல்ட் தொடங்கிய இம்முயற்சி, அமெரிக்காவுக்கு வெளியே மிகத் தொடக்கத்திலேயே, 2002 அளவில், மகாராஷ்டிரத்தின் பாபல் என்னும் வறட்சிச் சிற்றூரில் வேர்கொண்டது. அதற்கான மண்ணை முன்னரே பண்படுத்தி வைத்திருந்தவர் எஸ்.எஸ். கல்பாக். ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றிவிட்டு, 1983இல் அவ்வூரில் விஞ்ஞான் ஆசிரமத்தை நிறுவிய அவர், பள்ளிப்படிப்பில் பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கிராமத்து இளைஞர்களுக்கு உலோக வேலை, மின்வேலை, வேளாண்மை, உணவுப் பதப்படுத்தல் ஆகியவற்றைச் செய்துகாட்டியும் செய்யவைத்தும் கற்பித்தார். மாணவர்கள் செய்யும் வேலை ஊராருக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டும், அதற்கு ஊரார் கூலியும் தர வேண்டும் என்பது அவருடைய கல்விக் கொள்கையின் அச்சாணி. பொதுப் பட்டறை என்பது பணக்கார நகரங்களின் பொழுதுபோக்கு என்னும் எண்ணத்தைப் பாபல் தொடக்கத்திலேயே பொய்யாக்கிவிட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய பட்டறைகள்

மலேசியத் தமிழருக்குப் பட்டறை புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் அமைந்த மத்திய ரயில்வே பட்டறை, மலாயாவின் ரயில் பெட்டிகளையும் இஞ்சின்களையும் பழுதுபார்த்த பெருங்கூடமாகப் பல பத்தாண்டுகள் இயங்கியது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழர் குடியிருப்புகள் உருவானதற்கு ரயில்வே வேலை முதன்மைக் காரணங்களுள் ஒன்று. தந்தையின் கைப்பிடித்துப் பட்டறை வாயில்வரை சென்ற பிள்ளை, பின்னாளில் அதே பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்து பிட்டராக உயர்வது அக்காலத்து இயல்பான வாழ்க்கைப் பாதையாக இருந்தது. இன்று ரயில்வேயின் மத்தியப் பட்டறை பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்குப் பெயர்ந்துவிட்டது. செந்தூலில் அந்தத் தொழிற்கல்வித் தொடர்ச்சியும் அறுந்துவிட்டது.

தோட்டங்களிலும் இதற்கு இணையான ஓர் அறிவு இருந்தது. பால்மரத்தின் பட்டையை, உள்ளிருக்கும் வளர்திசுவுக்குக் காயம்படாமல், மெல்லிய சீவலாக எடுப்பதற்குக் கத்தியின் கோணமும் கையின் அழுத்தமும் பழக வேண்டும். சேகரித்த பாலில் ஃபார்மிக் அமிலத்தை எந்த அளவில் கலந்தால் அது சீராக உறையும் என்பதை ஆலையில் வேலைசெய்தவர்கள் அறிந்திருந்தார்கள். இயந்திரவியலும் வேதியியலும் பாடநூலின் பெயர்கள் இல்லாமலேயே அங்கு கையாளப்பட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, மக்கள் வேலையையும் லயத்து வீட்டையும் இழந்ததைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, இந்தக் கையறிவு கைமாற இடமின்றிப் போனதைப் பற்றிப் பேசப்படவில்லை.

கணினிக் காலத்திலும் தானே செய்யும் மரபு மலேசியத் தமிழரிடையே வலுவாக வெளிப்பட்டது. கேரித்தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய 'முரசு' மென்பொருள், தமிழைக் கணினியில் தட்டச்சு செய்வதற்கு பெருநிறுவனங்கள் பரவலாக வழிசெய்யாத நாளில் ஒரு பொறியாளரின் சொந்த முயற்சியாக எழுந்தது. அதே கைவண்ணம் 2005இல் 'செல்லினம்' என்னும் பெயரில் கைப்பேசிக்கும் வந்தது. தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் கூடியதற்கு இத்தகைய முன்னோடி உழைப்பும் ஒரு பின்புலம். தமக்குத் தேவையான கருவியைப் பிறர் செய்து தரும்வரை காத்திராத மனப்பான்மையே இவ்வரலாற்றின் சாரம்.

இன்றைய முயற்சிகளும் அவற்றின் தூரமும்

2010களின் தொடக்கம் முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய வகைப் பட்டறைகள் தோன்றின. கோலாலம்பூரில் ஹேக்கர்ஸ்பேஸ் கேஎல் கூடியது. பெட்டாலிங் ஜெயாவில் காக்கிடிஐஒய் என்னும் குழு, கருவிகளைப் பகிர்வதோடு பழுதான வீட்டுப் பொருள்களை உரிமையாளரே தன்னார்வலர் துணையுடன் சரிசெய்யும் சந்திப்புகளையும் ஊக்குவித்தது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா தொடங்கிய பழுதுபார்ப்புக் கூடல்களின் மலேசிய உறவு இது. கழிக்கப்பட்ட வாகன இருக்கை வார்களையும் விளம்பரத் துணிகளையும் பைகளாக மாற்றிப் பெயர்பெற்ற பிஜி-பிஜி என்னும் சமூகத் தொழில்முனைவு, கோலாலம்பூரின் பப்ளிகா வணிக வளாகத்தில் மெரேக்கா என்னும் பணிக்கூடத்தை அமைத்தது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இத்தகைய குழுக்களும் பல்கலைக்கழக ஆய்வகங்களும் வீட்டிலிருந்த ஆர்வலர்களும் முப்பரிமாண அச்சுப்பொறிகளில் முகக்கவசத் தாங்கிகளை அச்சிட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். பொதுமேசையைச் சுற்றி முன்னரே உருவாகியிருந்த பழக்கமும் நட்பும் இல்லாமல், சில நாள்களுக்குள் அந்த உற்பத்தி ஒழுங்குபட்டிருக்க முடியாது.

அரசும் இத்திசையில் நடந்தது. மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகமும் கல்வியமைச்சும் 2016இல் இளைய இலக்கவியல் படைப்பாளர் இயக்கத்தைத் தொடங்கின. சிக்கலைப் படிகளாகப் பிரித்து இயந்திரத்துக்கும் புரியும்படி வரிசைப்படுத்தும் 'கணினியியல் சிந்தனை' 2017 முதல் பள்ளிப் பாடங்களில் நுழைந்தது. தமிழ்ப்பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் மின்சுற்றையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே அறிமுகப்படுத்துகிறது. அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்கு அறிவியல் விழாவையும் இடைநிலைப்பள்ளிகளுக்கு இளம் புத்தாக்குநர் போட்டியையும் நடத்திவருகிறது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கக் கண்காட்சிகளிலிருந்து பதக்கங்களோடு திரும்பும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருகிறது.

இவ்வளவு இருந்தும், உலு லங்காட் மாவட்டத்துச் செமினியிலிருந்து பார்க்கையில் ஒரு குறை தெளிவாகத் தெரிகிறது. கோலாலம்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இவ்வூருக்கு ரயில் இல்லை. 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட எம்ஆர்டி விரைவு ரயில் தடம் காஜாங்கோடு நின்றுவிடுகிறது. தோட்டங்கள் இருந்த நிலத்தில் பண்டார் ரிஞ்சிங் போன்ற குடியிருப்புகள் எழுந்துவிட்டன. வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டும் 'தோட்டம்' என்னும் சொல் இன்னும் ஒட்டியிருக்கிறது. மின்னணு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த புடு வட்டாரத்து ஜாலான் பாசாருக்கோ, பப்ளிகாவுக்கோ, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகச் சென்று வர இயலாது. போட்டி முடிந்த மறுவாரம் அந்தப் பிள்ளை தன் கருவியோடு எங்கே போகும் என்னும் கேள்விக்குப் பதக்கத்தில் விடை இல்லை.

ஓர் ஈரப்பத உணரி கற்பிக்கும் பாடம்

தொடர்ச்சி ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு சிறு செய்பொருளைக் கொண்டே விளக்கலாம். பினாங்கு மாநிலத்து சைட்ரான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட மேக்கர் ஊனோ என்பது ஆர்டுயினோ வகைப் பலகை. நுண்கட்டுப்படுத்தி எனப்படும், சிறு கணினிக்கு ஒப்பான சில்லு ஒன்று அதன் நடுவில் இருக்கிறது. அதன் இலக்கவியல் முனைகளில் பன்னிரண்டுக்குச் சிறு விளக்குகளும், அவற்றோடு ஓர் ஒலிப்பானும் ஓர் அழுத்துபொத்தானும் பலகையிலேயே பதிக்கப்பட்டுள்ளன. உதிரிப்பாகங்களைத் தனியே வாங்கித் தர இயலாத பள்ளியிலும் முதல் பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்பதே இவ்வமைப்பின் அருமை.

இப்பலகையைக் கொண்டு மாணவர்கள் விரும்பிச் செய்யும் ஒன்று, பூச்சட்டியின் ஈரத்தை அளக்கும் கருவி. இரண்டு ஆணிகளை மண்ணில் செருகி அவற்றினிடையே சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்தினால், மண் ஈரமாக இருக்கும்போது மின்தடை குறைந்தும் காய்ந்திருக்கும்போது கூடியும் காணப்படும்; பலகை அந்த வேறுபாட்டை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாகப் படித்துக் காட்டும். ஒரு நாள் பயிற்சியில் இது காலையில் தொடங்கி மதியத்திற்குள் வெற்றியாக முடிந்துவிடும். எண் மாறும், விளக்கு எரியும், படம் எடுக்கப்படும்.

உண்மையான பாடம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. கருவியை இடைவிடாமல் இயக்கத்தில் விட்டுவைத்தால், சில நாள்களில் எண்கள் பொய் சொல்லத் தொடங்கும். தண்ணீர் ஊற்றிய சட்டியையும் காய்ந்தது என்று பலகை அறிவிக்கும். ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்தால், ஒன்று ஏறத்தாழப் பழையபடியே இருக்க, மற்றொன்று அரித்து மெலிந்து பொருபொருத்திருக்கும். ஒரே திசையில் ஓயாது பாயும் மின்சாரம் நேர்முனை உலோகத்தைக் கரைத்து மண்ணுக்குள் இழுத்துச்செல்லும் மின்னாற்பகுப்பு அது. அளக்கும் வேளையில் மட்டும் மின்சாரம் செல்லும்படி நிரலை மாற்றலாம். திசையை மாற்றி மாற்றிச் செலுத்தலாம். துருவை எதிர்க்கும் உலோகத்தை நாடலாம். நிரலாக்கமும் வேதியியலும் பொருளறிவும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் அந்த அரித்த ஆணி. ஒரு நாள் பட்டறை, ஆணி அரிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து அந்த ஆணியைக் கொண்டுவந்து காட்ட ஒரு மேசையும், அதைக் கையில் வாங்கிப் பார்க்க ஒருவரும் இருக்கும் இடமே பட்டறை.

பழுதுபார்ப்பும் இவ்வாறே கற்பிக்கிறது. மலேசிய வீடுகளில் ஓய்வின்றி ஓடும் காற்றாடி ஒருநாள் ரீங்காரம் மட்டும் எழுப்பிவிட்டுச் சுழலாமல் நிற்கும். முதலில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் அச்சில் எண்ணெய் வற்றியிருக்கக்கூடும். தாராளமாகச் சுழன்றும் தானே கிளம்பவில்லை என்றால், ஐயம் மின்தேக்கியின் மேல் திரும்பும். மோட்டாரின் இரு சுருள்களில் ஒன்றில் பாயும் மின்னோட்டத்தை மற்றதிலிருந்து சற்றே காலம் விலகச் செய்து, மோட்டார் கிளம்புவதற்கான உந்தலைத் தரும் இச்சிறு உறுப்பு காலப்போக்கில் வலுவிழக்கிறது. புதியது சில ரிங்கிட்டில் கிடைக்கும். பார்த்து, பிரித்து, ஒவ்வொரு காரணமாக விலக்கி முடிவுக்கு வரும் இம்முறைதான் அறிவியல் முறை. குப்பைக்குப் போகவிருந்த காற்றாடியோடு வந்த மூதாட்டிக்கு அது சேமிப்பு. அருகில் நின்று பார்த்த பேத்திக்கு அது இயற்பியல்.

ஆறும் அளவீடும்

செமினிக்குத் தனக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. லங்காட் ஆற்றின் கிளையான செமினி ஆற்றில் வாடை மாசு கலந்ததால், அதன் நீர் சுத்திகரிப்பு நிலையம் 2016 செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் 2020 அக்டோபரிலும் மீண்டும் மீண்டும் மூடப்பட, உலு லங்காட் முதல் பெட்டாலிங், சிப்பாங், கோல லங்காட் வரை பல பகுதிகளில் குழாய்கள் வறண்டன. பொதுமக்கள் வாளியோடு காத்திருந்தார்கள்; ஆற்றைப் பற்றிய தகவலுக்காகவும் காத்திருந்தார்கள்.

அத்தகைய தகவலை மக்களே திரட்டியதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணுவுலை விபத்துக்குப் பின், டோக்கியோ ஹேக்கர்ஸ்பேஸ் உறுப்பினர்களும் துணைநின்ற சேஃப்காஸ்ட் என்னும் குழு, கதிர்வீச்சு அளவிகளைத் தானே வடிவமைத்து, வாகனங்களில் பொருத்தி, தெருத்தெருவாக அளந்து, எல்லா எண்களையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டது. செமினி ஆற்றுக்கும் இதைப் போன்ற பணி இயலும். அதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாடையை உண்டாக்கும் சேர்மங்களை மலிவான உணரிகள் பிடித்துக்காட்டா. அதற்கு ஆய்வகம் வேண்டும். நீரின் வெப்பநிலை, அமிலத்தன்மை, மின்கடத்துதிறன், கலங்கல் ஆகியவற்றை வாரந்தோறும் ஒரே இடத்தில் அளந்து பதிந்துவரப் பள்ளிப் பிள்ளைகளால் முடியும். ஆண்டு முழுவதும் ஆற்றின் இயல்பான நிலையை அறிந்து வைத்திருப்பவர்களுக்கே ஒரு நாளின் மாற்றம் கண்ணில் படும்.

மொழியும் மேசையும்

தமிழ்ப்பள்ளியில் தமிழ் வழி அறிவியல் தொடங்கும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கும், உதிரிப்பாகத்தின் விவரத்தாளில் ஆங்கிலத்துக்கும் மாற வேண்டியிருக்கிறது. மின்தடை, மின்தேக்கி, உணரி, நிரல் ஆகிய சொற்கள் பாடநூலோடு நின்றுவிட்டால், ஆண்டு 6 முடிந்ததும் அவை உதிர்ந்துவிடும். ஒரு மேசையைச் சுற்றி நிற்பவர்கள் வேலையினூடே அவற்றைப் பேசும்போது அவை வாழும். மலாய் நண்பரும் சீன நண்பரும் அதே மேசையில் நிற்கையில், ஒரே உறுப்பை மூன்று மொழிகளில் சுட்டிப் பழகும் பிள்ளைக்கு இழப்பு ஏதுமில்லை. அதைவிட முக்கியமானது, பால்மரம் சீவிய பாட்டியிடம் மின்னாற்பகுப்பைத் தமிழில் விளக்க முயலும் பேத்தி, அமிலம் கலந்து பால் உறையவைத்த கதையைப் பதிலாகப் பெறுவாள் என்பதே. தோட்டத்தோடு அறுந்த கையறிவின் தொடர்ச்சி அங்கே மீண்டும் முடிச்சிடப்படும்.

செமினிக்கு வேண்டுவது

இத்தகைய பொதுப் பட்டறைக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. பள்ளி மண்டபமோ கோயில் மண்டபமோ குடியிருப்புப் பொதுக்கூடமோ வாரத்தில் இரண்டு மாலைகள் கிடைத்தால் போதும். பூட்டுள்ள ஓர் அலமாரியில் பற்றவைப்புக் கோல்கள், பன்மானி எனப்படும் மின்னளவி, திருப்புளிகள், சில நுண்கட்டுப்படுத்திப் பலகைகள், பழைய மடிக்கணினிகள் ஆகியவற்றை வைத்துத் தொடங்கலாம். சிறுவர்கள் 5 வோல்ட் அளவிலான சுற்றுகளில் மட்டும் வேலைசெய்வதும், வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடைய பழுதுகளைத் தகுதிபெற்ற மின்பணியாளர் முன்னிலையில் மட்டும் திறப்பதும் மீறக்கூடாத விதிகளாக இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளைத் தயக்கமின்றி அனுப்பும்படி நேரமும் வெளிச்சமும் பொறுப்பாளர்களும் அமைய வேண்டும்.

ஆள்வளமும் அருகிலேயே இருக்கிறது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005 முதல் செமினியிலேயே இயங்குகிறது. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும், காஜாங்கில் தெனாகா நேஷனல் பல்கலைக்கழகமும் உள்ளன. பொறியியல் மாணவர்களோடு, ஓய்வுபெற்ற பிட்டர்கள், தொழிற்சாலை நுட்பர்கள், தையற்காரர்கள் ஆகியோரும் ஆசிரியர்களாக மதிக்கப்படும்போதுதான் அது பொதுமேசை ஆகும். தோட்டக் காலத்திலிருந்தே மாலை நேர இலவசக் கற்பித்தல் வகுப்புகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நடத்திக்காட்டிய சமூகத்துக்கு, வாரந்தோறும் கதவைத் திறக்கும் ஒழுங்கு புதிதாகக் கற்க வேண்டிய ஒன்றன்று.

நிதி வழங்குவோர் இன்று கேட்கும் கேள்வி, எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள் என்பது. அந்த எண் ஒரு மண்டபத்தின் கொள்ளளவைச் சொல்லுமே தவிரப் பட்டறையின் உயிரைச் சொல்லாது. எத்தனை வாரம் தொடர்ந்து கதவு திறந்திருந்தது, கருவியை இரவல் பெற்றவர் திருப்பித் தந்தாரா, பழுதோடு வந்த பொருள்களில் எவை மீண்டும் ஓடின, முதல் முயற்சியில் தோற்ற பிள்ளை இரண்டாம் முறை வந்ததா என்பவற்றை ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாலே உண்மை தெரிந்துவிடும். அந்தக் குறிப்பேட்டின் ஒரு வரியில், இரண்டு வாரத்துக்கு முன் சரியாக அளந்த கருவி இப்போது தவறாக அளக்கிறது என்று ஒரு பிள்ளை அரித்த ஆணியோடு வந்து நின்றதாகப் பதிவாகும் நாளில், செமினியில் பட்டறை என்னும் சொல் தன் பழைய பொருளை அடைந்திருக்கும்.